வால் முடியில் ஒரு வருசம்

மாசி இரண்டாவது வாரம். மேலூர்ப் பக்கம் நெல் அறுத்த வயலில் கிடை போட்டிருந்தார்கள். விடிகிற நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது மாடுகள் அரிதாளுக்கு நடுவே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. எல்லாம் புலிக்குளம் மாடுகள். எங்கள் பக்கம் கிடைமாடு என்றே சொல்லிவிடுவோம். வயல்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று கிடைக்காரருக்குக் கொடுப்பார். சாணமும் கோமியமும் மண்ணுக்கு, அரிதாளும் வரப்புப் புல்லும் மாட்டுக்கு. நாலைந்து நாளில் கிடை அடுத்த வயலுக்கு நகர்ந்துவிடும்.

நான் போனது ஒரு மயிலைப் பசுவின் வால் முடிக்காக. "வாலைப் பிடுங்குனா உதைக்கும், சார். நான் பிடிச்சுக்கிறேன், நீங்க பக்கவாட்டுல நில்லுங்க" என்றார் கிடைக்காரர். முதலில் ஒரு பத்து முடியைச் சேர்த்துப் பிடித்துத் தோலை ஒட்டிக் கத்தரித்தேன். அப்புறம் ஐந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மாடு ஒருமுறை காலை மாற்றி வைத்தது, அவ்வளவுதான். கத்தரித்த இடத்தை அவர் நினைவில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த இடம் பிறகு ரொம்ப உதவியது.

இதெல்லாம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கீழடி என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். 2019-ல் வந்த தொல்லியல் துறை அறிக்கையில் அங்கே கிடைத்த விலங்கு எலும்புகளைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. புனே டெக்கான் கல்லூரியில் அந்த எலும்புகளை இனம் பிரித்தபோது பாதிக்குமேல் மாடு, எருமை, ஆடுகளுடையவை என்று தெரிந்தது. சரி, அந்த மாடுகள் என்ன தின்றன? வைகைக் கரையிலேயே நின்று வைக்கோல் தின்றவையா, இல்லை இன்றைய கிடைமாடு மாதிரி மானாவாரிக் காட்டுக்கும் வயலுக்கும் நடந்தவையா? எலும்பையும் பல்லையும் வைத்து இதைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் நிலையான ஐசோடோப்பு ஆய்வு, ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்கள் எவ்வளவு எவ்வளவு என்று அளப்பது. ஆனால் கீழடி எலும்பை நான் தொட முடியாது, தொடவும் கூடாது. என்னால் முடிந்தது, கதை தெரிந்த ஒரு மாட்டை எடுத்து அதன் உடம்பில் எழுதியிருப்பது எவ்வளவு சரியாகப் படிக்க வருகிறது என்று சோதிப்பது. நான் வேதியியல் கற்பிக்கிறவன். கழுவுவதும் எடை போடுவதும் எனக்குப் பழக்கம். மாடு பற்றித்தான் ஒன்றும் தெரியாது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றில் இருக்கும் கார்பனில் 100-க்கு 99 பங்கு கார்பன்-12. கார்பன்-13 சுமார் 1.1 பங்கு. இது கதிரியக்கம் இல்லாதது, எத்தனை ஆயிரம் வருசம் ஆனாலும் அப்படியே இருக்கும். செடிகள் இந்த இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல எடுக்கும் நெல். ரூபிஸ்கோ என்ற நொதி லேசான கார்பன்-12 உள்ள வாயுவையே அதிகம் பிடித்துக்கொண்டு கனமானதை ஒதுக்கும். சோளமும் கம்பும் மூட்டையோடு விலை பேசுகிற ஆள். வேறொரு நொதி வாயுவை முதலில் அள்ளி உள்ளறைக்குள் தள்ளிவிடுகிறது. அடைத்த அறைக்குள் ரூபிஸ்கோவுக்குப் பொறுக்க அதிக வழியில்லை. முதல் வகைக்கு சி-3 என்றும் இரண்டாவது வகைக்கு சி-4 என்றும் பெயர்.

நம்மூருக்கு இது எவ்வளவு தோதாக அமைந்திருக்கிறது என்பதுதான் என்னை உள்ளே இழுத்தது. நெல், பயறு வகை, கடலை, பருத்தி, மரம் மட்டை எல்லாம் சி-3. சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, மக்காச்சோளம், கரும்பு எல்லாம் சி-4. அதாவது நஞ்சைக்கும் புஞ்சைக்கும் இடையே உள்ள வரப்பு கார்பனிலும் இருக்கிறது. கோதுமையையும் பார்லியையும் மட்டும் தின்று வளர்ந்த நாட்டில் இந்தப் பிரிவு கிடைக்காது.

அளவை டெல்டா என்ற கணக்கில் சொல்வார்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த பெலெம்னைட் என்ற கடலுயிரிப் புதைபடிவத்தின் சுண்ணாம்பைச் சுழியாக வைத்து, அதைவிட ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூட, எத்தனை பங்கு குறைவு என்று பார்ப்பது. சி-3 செடிகள் சராசரியாக மைனஸ் 27-ஐ ஒட்டி இருக்கும். சி-4 செடிகள் மைனஸ் 12, 13 அளவில். நடுவில் பெரிய இடைவெளி. மாடு தின்றதன் அளவோடு ஏறக்குறைய 3 சேர்த்தால் அதன் முடியின் அளவு வரும். எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தில் இது 5 அளவில், மாடு போன்ற பெரிய அசைபோடும் விலங்கின் பல் எனாமலில் 14 அளவில்.

முடியை எடுத்ததற்குக் காரணம் அதன் நாட்குறிப்புக் குணம். எலும்பு உயிரோடு இருக்கும்வரை கரைந்து கரைந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும், பல வருசத்துச் சாப்பாடும் அதில் கலந்து கிடக்கும். முடி வளர்ந்தபின் மாறாது. வேர்ப் பக்கம் இந்த வாரம், நுனிப் பக்கம் போன வருசம். கென்யாவின் சம்புருவில் டூரி செர்லிங் என்பவரின் குழு யானை வால் முடியைத் துண்டு துண்டாக அளந்து, அதே யானைகளின் கழுத்தில் கட்டிய ஜிபிஎஸ் பட்டையோடு ஒப்பிட்டு 2006-ல் வெளியிட்டது. அதற்கு முன்பே நம் பக்கத்தில் யானை ஆய்வாளர் ரா. சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும் தென்னிந்திய யானை எலும்பின் கொலாஜனை அளந்து, புல் எவ்வளவு, இலைதழை எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். யானைக்குச் செய்ததைக் கிடைமாட்டுக்குச் செய்துபார்க்கலாம் என்று தோன்றியது.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதல் காரியம் தீவனம் சேகரிப்பது. உலக சராசரியை வைத்துக் கணக்குப் போட எனக்கு விருப்பமில்லை. அந்தக் கிடை போகிற வழியிலேயே நெல் வைக்கோல், சோளத்தட்டை, அருகம்புல், கொழுக்கட்டைப்புல், சீமைக்கருவேலங்காய், பருத்திக்கொட்டை என ஆறு வகையும் எடுத்தேன். காயவைத்து மிக்ஸியில் அரைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஜாரைக் கழுவிக் காயவைத்தேன். இது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் நான் அனுப்பப்போகும் ஆய்வகத்தில் அரை மில்லிகிராம்தான் அளக்கப்போகிறார்கள் என்பதால் ஜாரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சோளத்தூளே வைக்கோலின் எண்ணை மாற்றிவிடும்.

இரண்டாவது, வளரும் வேகம். ஜெர்மனியின் பவேரிய மாடுகளின் வால் முடி நாளொன்றுக்கு 0.7-லிருந்து 1 மில்லிமீட்டர் வரை வளர்வதாக ஆய்வுகளில் படித்திருந்தேன். பவேரிய மாடு வேறு, வெயிலில் நடக்கிற நம் மாடு வேறு. சித்திரையில் கிடை திருமங்கலம் பக்கம் போயிருந்தது. போன் போட்டு வழி கேட்டுப் போனேன். நான் கத்தரித்த இடத்தைக் கிடைக்காரர் விரலால் விலக்கிக் காட்டினார். 63 நாளில் முடி 5 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. நாளுக்கு 0.8 மில்லிமீட்டர். 2 சென்டிமீட்டர் துண்டு என்றால் 25 நாள். என் கையில் இருந்த நீளமான முடி 31 சென்டிமீட்டர். நுனியில் 1 சென்டிமீட்டர் பிளந்து கிடந்தது, அதை வெட்டிப் போட்டேன். மீதி 15 துண்டு, 375 நாள்.

மூன்றாவது, கழுவுவது. இங்கேதான் முதல் தலைவலி. முடியை ஒரு வெள்ளைத் தாளில் வைத்தபோது மஞ்சளாகக் கறை படிந்தது. முகர்ந்தால் வேப்பெண்ணெய். கேட்டபோது, "ஈ மொய்க்காம இருக்க வேப்பெண்ணெயில மஞ்சளக் குழைச்சு வால்ல தடவுவோம்" என்றார் கிடைக்காரர். எண்ணெய்க் கொழுப்பில் கார்பன்-13 வழக்கமாகவே குறைவு. வேம்பு சி-3 மரம் வேறு. அந்த எண்ணெயோடு அளந்தால் மாடு வைக்கோலை அதிகம் தின்றதாகப் பொய்க் கணக்கு வரும். அதனால் முதலில் காய்ச்சி வடித்த தண்ணீரில், மூக்குக்கண்ணாடி சுத்தம் செய்யும் மீயொலித் தொட்டியில் 10 நிமிடம். அப்புறம் குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு கலந்த கரைசலில் இரண்டு தடவை. இதை நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூடுக்குள்தான் செய்ய வேண்டும், வீட்டில் செய்யவே கூடாது. கடைசியில் 60 டிகிரியில் ஒரு ராத்திரி உலர்த்தல்.

கழுவியது போதுமா என்று தெரிய வேண்டுமே. பக்கத்து முடியில் அதே உயரத்தில் ஒரு துண்டை வேண்டுமென்றே கழுவாமல் அனுப்பினேன். கழுவியது மைனஸ் 19.6. கழுவாதது மைனஸ் 20.8. அதைவிடத் தெளிவான சாட்சி கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். சுத்தமான முடிப் புரதத்தில் அது 3.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 3.8-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். கழுவிய துண்டில் 3.5, கழுவாததில் 4.0. எண்ணெயில் கார்பன் உண்டு, நைட்ரஜன் கிடையாது, அதனால்தான் இந்த ஏற்றம். யாராவது இந்த வேலையைத் தொடங்கினால் இந்த விகிதத்தைக் கேட்காமல் முடிவை வாங்காதீர்கள். பழைய எலும்பின் கொலாஜனுக்கும் இதே மாதிரி 2.9-லிருந்து 3.6 வரை என்று ஒரு வரம்பு இருக்கிறது. நம்மூர் வெக்கையிலும் ஈரத்திலும் எலும்பின் கொலாஜன் சீக்கிரம் அழிந்துவிடும் என்பதால் அந்த வரம்பு இங்கே இன்னும் முக்கியம்.

வெட்டியது வைகாசியில். மின்விசிறியை நிறுத்தாமல் முடியை வெட்ட முடியாது. 2 சென்டிமீட்டர் துண்டு அரை மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், காற்று பட்டால் பறந்துவிடும். கண்ணாடித் தட்டுக்கு அடியில் கட்டம் போட்ட தாளை வைத்து, முடியின் வேர்ப் பக்கத்தை ஒரு துளி மெழுகால் தட்டின் ஓரத்தில் ஒட்டி, நுனியிலிருந்து வேரை நோக்கி வெட்டிக்கொண்டு வந்தேன். மெழுகு பட்ட ஓரத்தைக் கடைசியில் கழித்துவிட்டேன். ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் குப்பியில், எண் போட்டு. வியர்வை தட்டில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டேன்.

இவ்வளவு கவனமாகச் செய்தது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் தப்பான முடியை எடுத்திருந்தேன்.

கத்தரித்த பத்து முடியையும் வெட்டிய முனை சமமாக இருக்கும்படி நூலால் கட்டி, கட்டாக வெட்டி, எட்டு துண்டு அனுப்பியிருந்தேன். பத்து முடி இருந்தால் சராசரி நன்றாக வரும் என்பது என் எண்ணம். ஆறு வாரம் கழித்து வந்த எண்கள் எல்லாம் மைனஸ் 17-க்கும் 19-க்கும் நடுவில் படுத்துக் கிடந்தன. வருசம் முழுக்க இந்த மாடு ஒரே தீவனத்தையா தின்றது? கிடைமாடு அப்படித் தின்ன வாய்ப்பே இல்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, பிடுங்கி வைத்திருந்த ஐந்து முடியின் வேரை நுண்ணோக்கியில் பார்த்தேன். மூன்றில் வேர் மெத்தென்று கருமையாக, மேலே ஒரு உறையோடு இருந்தது. அவை வளர்ந்துகொண்டிருந்த முடிகள். இரண்டில் வேர் வெளுத்து, சின்ன உருண்டையாக, உறை இல்லாமல் இருந்தது. அவை வளர்ச்சி நின்று ஓய்வில் இருந்தவை. ஓய்வு முடியின் வேர் ஓரம் இந்த மாசியைச் சொல்லாது, எப்போது வளர்ச்சி நின்றதோ அந்த மாதத்தைச் சொல்லும். கத்தரித்த கட்டில் இரண்டு வகையும் கலந்திருந்தன. ஒரு முடியின் ஐப்பசி இன்னொரு முடியின் ஆனியோடு சேர்ந்து அளக்கப்பட்டு, மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தூர்த்துவிட்டன.

மாட்டு வால் முடி தடிமனானது, ஒரே முடியின் 2 சென்டிமீட்டரே ஓர் அளவுக்குப் போதும். கட்டே தேவையில்லை. அன்றைக்குப் பிடுங்கி அலுமினியத் தாளில் சுற்றி வைத்த அந்த முடிகள் இல்லாவிட்டால் இன்னொரு வருசம் போயிருக்கும். ஓய்வில் இருந்த இரண்டையும் ஒதுக்கினேன். வளர்ந்துகொண்டிருந்த மூன்றில் நீளமானது முழு வரிசைக்கு. மற்ற இரண்டும் ஒப்பீட்டுக்கும், மேலே சொன்ன எண்ணெய்ச் சோதனைக்கும்.

ஆய்வகத்தில் நடப்பது இது. துண்டை வெள்ளீயத்தால் ஆன குட்டிக் கூட்டில் வைத்து மடித்து, சுமார் 1000 டிகிரி உலையில் ஆக்சிஜனோடு எரிப்பார்கள். கார்பன் கார்பன் டை ஆக்சைடாகவும் நைட்ரஜன் நைட்ரஜன் வாயுவாகவும் வரும். அந்த வாயு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் காந்தப் புலத்தில் வளையும்போது, 44 எடையுள்ள மூலக்கூறு ஒரு வாளியிலும் 45 உள்ளது அடுத்த வாளியிலும் விழும். அளவு தெரிந்த பொருள்களை நடுநடுவே எரித்துக் கருவியைச் சரிபார்த்துக்கொள்வார்கள். 0.1, 0.2-க்குள் நம்பலாம்.

முதலில் தீவன எண்கள். வைக்கோல் மைனஸ் 28.1. சீமைக்கருவேலங்காய் மைனஸ் 26.5. பருத்திக்கொட்டை மைனஸ் 27.2. சோளத்தட்டை மைனஸ் 12.6. கொழுக்கட்டைப்புல் மைனஸ் 12.9. அருகம்புல் மைனஸ் 13.4. எதிர்பார்த்தபடியே இரண்டு கூட்டம். ஆனால் சோளத்தட்டையும் இரண்டு புல்லும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேனே தவிர மனதில் வாங்கவில்லை.

ஆவணியில் ஒற்றை முடியின் 15 எண்களும் வந்தன. வேர்ப் பக்கம், அதாவது தை கடைசியும் மாசியும், மைனஸ் 21.4. அதிலிருந்து 3-ஐக் கழித்தால் தின்றது மைனஸ் 24.4. சி-3-க்கு மைனஸ் 28, சி-4-க்கு மைனஸ் 13 என்று வைத்தால், இரண்டுக்கும் நடுவே 15 படி. மாடு சி-3 முனையிலிருந்து 3.6 படி ஏறியிருக்கிறது, அதாவது நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக சி-4. அரிதாளும், நடுவே வரப்பில் அருகம்புல்லும். நான் கண்ணால் பார்த்த காட்சி எண்ணாக வந்தபோது உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

நுனி, அதாவது போன வருச மாசி, மைனஸ் 21.0. சக்கரம் சுற்றி அதே இடத்துக்கு வந்திருக்கிறது. நடுவில்தான் விஷயம். நாலாவது, ஐந்தாவது துண்டு, ஐப்பசியும் கார்த்திகையும், மைனஸ் 12.8-க்கு ஏறிவிட்டது. அதே கணக்கில் ஐந்தில் நாலு பங்கு சி-4. ஒன்பது, பத்தாவது துண்டு, ஆனி கடைசியும் ஆடியும், மைனஸ் 23.2-க்கு இறங்கியிருந்தது. வருசத்திலேயே அதுதான் ஆழமான பள்ளம், மேலூர் வயலைவிடவும்.

நான் நோட்டில் எழுதிவைத்தது: "ஐப்பசி, கார்த்திகை: சோளத்தட்டை, உசிலம்பட்டி அல்லது பேரையூர்க் கரிசல். ஆனி, ஆடி: சீமைக்கருவேலங்காய் காலம்." அதை எடுத்துக்கொண்டு கிடைக்காரரைப் பார்க்கப் போனேன். கிடை அப்போது அழகர்மலை அடிவாரத்தில். ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தேன்.

"சோளத்தட்டையா? அத யாரு குடுத்தா?" என்றார். "போன வருசம் ஐப்பசி மழை முன்னாடியே பிடிச்சிருச்சு. வயலெல்லாம் நட்டுட்டாங்க, மாடு இறங்க இடமில்ல. பேரையூர்ப் பக்கம் கரட்டு ஓரத்துலயும் தரிசுலயும்தான் மேஞ்சுச்சு. கொழுக்கட்டைப்புல்லு முழங்காலுக்கு மேல நின்னுச்சு சார். மாடு வயிறு நெறஞ்ச வருசம் அது."

இடம் சரி, தீவனம் தப்பு. சோளத்தட்டையும் கொழுக்கட்டைப்புல்லும் கார்பனில் ஒன்றுதான். மனிதன் உழுது விளைவித்த சி-4 எது, மழை பெய்து தானாக முளைத்த சி-4 எது என்று கார்பனால் சொல்ல முடியாது. இடம்கூட என் ஊகம் அதிர்ஷ்டத்தில் பொருந்தியது, எண்ணில் பேரையூர் என்று எழுதியிருக்கவில்லை. நாளைக்கு ஒரு பழைய மாட்டுப் பல்லில் இதே உயர்ந்த எண் வந்தால், "சோளம் விளைந்த ஊர்" என்று உடனே எழுதிவிட இந்தக் கை நீளக்கூடாது என்பதை நான் அந்தப் புளியமரத்தடியில்தான் கற்றேன். மனிதர்களின் எலும்பில் வந்தால் வேறு. மனிதன் புல் தின்பதில்லை, கம்பும் சோளமும் நேராக வாதத்துக்கு வரும். அங்கேயும் சி-4 புல் தின்ற மாட்டின் பாலும் கறியும் இடையில் புகுந்துவிடும்.

அடுத்து ஆடிப் பள்ளம். கருவேலங்காய் என்று நான் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. விரல் விட்டு எண்ணினார். அப்புறம், "இந்த மாடு அப்ப கிடையிலயே இல்ல சார்" என்றார். "ஆனி கடைசியில கன்னு போட்டுச்சு. கன்னு நோஞ்சான். கிடையோட நடக்காதுன்னு வீட்ல கட்டிப்போட்டோம். வைக்கோலு, தவிடு, பருத்திக்கொட்டை. ஆவணி பாதியிலதான் திரும்பக் கிடைக்கு ஓட்டியாந்தேன்."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நான் அந்த முடியை "கிடை நடந்த வழி" என்று படித்துக்கொண்டிருந்தேன். முடி எழுதி வைத்திருந்தது ஒரு தாய்ப்பசுவின் ஒன்றரை மாதக் கட்டுத்தறி. எட்டாவது துண்டில் எண் மறுபடி ஏறத் தொடங்குகிறது. ஆவணி. அவர் சொன்ன நாளோடு ஒரு துண்டு வித்தியாசத்துக்குள் பொருந்துகிறது.

உண்மையில் தீவன மாற்றம் எண்ணில் தெரிவதைவிடச் சடாரென்று நடந்திருக்கும். தின்ற கார்பன் எல்லாம் அன்றைக்கே முடிக்குப் போவதில்லை. உடம்பின் பழைய புரதத்திலிருந்தும் முடி கட்டப்படுகிறது. குதிரையில் செய்த ஒரு தீவனமாற்றச் சோதனையில், ஒரு பகுதி சில மணி நேரத்தில் மாறியது, மெதுவான பகுதியின் அரைவாழ்வு, அதாவது பாதி மாற எடுக்கும் காலம், நாலு மாதத்துக்கும் மேல் வந்தது. அதனால் முடியில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஓரம் மழுங்கித்தான் தெரியும். ஒன்றரை மாத வைக்கோல் இவ்வளவு ஆழமாக இறங்கியது என்றால் வீட்டில் புல் ஏறக்குறைய போடவே இல்லை என்று அர்த்தம். அதையும் கேட்டேன். "ஆடியில புல்லுக்கு எங்க போறது?" என்றார்.

நைட்ரஜன் பற்றி ஒரு சின்ன குறிப்பு. கிடை போட்ட வயலின் வைக்கோலையும், யூரியா மட்டும் போட்ட பக்கத்து வயலின் வைக்கோலையும் சேர்த்தே அளந்திருந்தேன். கிடை வயலின் நைட்ரஜன்-15 தெளிவாகக் கூட இருந்தது. கோமியத்திலிருந்து அம்மோனியா ஆவியாகும்போது லேசான நைட்ரஜன் முதலில் போய்விடுகிறது, கனமானது மண்ணில் தங்கிப் பயிருக்கு ஏறுகிறது. நைட்ரஜன் கணக்கில் காற்றின் நைட்ரஜன்தான் சுழி, யூரியா அதிலிருந்தே செய்யப்படுவதால் சுழியை ஒட்டி இருக்கும். ஐரோப்பாவில் பழைய தானியக் கரியை வைத்து எரு போட்ட நிலத்தைக் கண்டுபிடிக்க இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நெல்வயலில் தண்ணீர் கட்டிக் கிடப்பதாலும் நைட்ரஜன் மாறும். இரண்டே இரண்டு மாதிரியை வைத்து நான் ஒன்றும் சாதிக்க மாட்டேன்.

ஒரு குப்பி மீதம் இருந்ததால் என் தலைமுடியையும் அனுப்பினேன். மைனஸ் 20.1. மூன்று வேளையும் அரிசி தின்கிற எனக்கு இது கொஞ்சம் ஏறின எண். டீயில் போடும் சீனி கரும்பு, சி-4. பால் தருகிற மாடு தின்பது பெரும்பாலும் கம்பு நேப்பியர் தீவனப்புல், அதுவும் சி-4. இதை யோசித்தபோது இன்னொன்று பட்டது: பனை சி-3 மரம். கருப்பட்டியில் சீனியைக் கலந்தால் எண் மேலே ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்ததைக் கண்டுபிடிக்க இதே வழியைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கருப்பட்டி வாங்கி ஏமாந்தவர்கள் நம் பக்கம் நிறைய. யாராவது மாணவர் இதைக் கையில் எடுத்தால் நான் முடிந்த உதவி செய்வேன்.

எங்கே போனது என்ற கேள்விக்குக் கார்பன் போதாது, ஸ்ட்ரான்சியமும் ஆக்சிஜனும் வேண்டும். ஸ்ட்ரான்சியம் பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து பல்லுக்கும் வருவது. ருபிடியம்-87 மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அதன் அரைவாழ்வு சுமார் 4,900 கோடி வருசம். அதனால் ருபிடியம் நிறைந்த பழைய பாறையில் ஸ்ட்ரான்சியம்-87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் கூடிக்கொண்டே போயிருக்கும். மதுரையைச் சுற்றி இருப்பது நைஸ், சார்னோகைட் என்ற மிகப் பழைய பாறைகள். கிழக்கே ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பவளச் சுண்ணாம்பு, அங்கே கடல்நீரின் விகிதமான 0.7092-ஐ ஒட்டித்தான் இருக்கும். மேற்கிலிருந்து கிழக்கே போன ஒரு மாடு இரண்டையும் பல்லில் சுமந்திருக்கும். முடியில் இதைப் பார்க்க முடியாது. தூசியும் கண்மாய்த் தண்ணீரும் வெளியிலிருந்தே ஸ்ட்ரான்சியத்தை ஏற்றிவிடும். பல் எனாமல்தான் சரி. மாட்டின் மூன்றாவது கடைவாய்ப்பல் சுமார் ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உருவாகிறது. உருவானபின் மாறாது. அதன் உயரத்தில் வரிசையாகச் சுரண்டி எடுத்தால் ஒரு வருசத்துக்கும் மேலான கதை கிடைக்கும். ஆக்சிஜன் குடித்த தண்ணீரைச் சொல்லும். பங்குனி வெயிலில் கண்மாய் வற்றும்போது லேசான ஆக்சிஜன் உள்ள தண்ணீர் முதலில் ஆவியாகிறது, மிஞ்சுவது கனமாகிக்கொண்டே போகும். கிணற்றுத் தண்ணீர் குடித்த மாடும் கண்மாயில் குடித்த மாடும் கோடையில் பிரிந்து தெரியும் என்பது என் எதிர்பார்ப்பு.

இன்னொரு ஆசையையும் எழுதிவிடுகிறேன். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்து தண்ணீர் வைகைப் பக்கம் திரும்பியபோது மேலூர் வட்டாரத்தில் புஞ்சை நஞ்சையானது. அப்படியானால் அந்த வட்டாரத்து மாடுகளின் தீவனமும் தட்டையிலிருந்து வைக்கோலுக்கு மாறியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஒரு மாட்டுக் கொம்போ பல்லோ, வருசம் உறுதியாகத் தெரிந்து கிடைத்தால், ஓர் அணைக்கட்டு வந்ததை ஒரு மாட்டின் வாயில் அளக்கலாம். ஒப்பிடும்போது ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்ததால் காற்றின் கார்பன்-13 அன்றைக்கு இருந்ததைவிட இப்போது ஆயிரத்துக்கு 2 பங்கு குறைந்துவிட்டது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இப்போதைக்கு என் மேசையில் ஒரு கடைவாய்ப்பல் இருக்கிறது. கிடைக்காரரின் வயதான காளை ஒன்று புரட்டாசியில் செத்துப்போனது. புதைக்கும் முன்பு எனக்குப் போன் செய்து, "பல்லு வேணும்னு சொன்னீங்களே, எடுத்து வைக்கவா?" என்று கேட்டார். அது பிறந்த வருசம், கன்றாக இருந்தபோது கிடை நின்ற ஊர்கள், குடித்த கண்மாய்கள் எல்லாவற்றையும் அவரிடம் கேட்டு எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இந்தத் தடவை என் சக ஆசிரியரிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். பல்லைச் சுரண்டி, எண்கள் வந்து, நான் என் கதையை எழுதி முடித்தபிறகுதான் அந்த உறையைப் பிரிக்கப்போகிறேன்.